மஞ்சள் கடுதாசியும் மானமும்

"மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் மாடி வீடு கட்டுகிறான், பார்த்தீர்களா!"

இராசபாளையத்துக் கடைத்தெருவில் இப்படி ஒரு பேச்சு எழுந்தால் போதும்; அன்று மாலைக்குள் அது பஸ் ஏறித் திருவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்துவிடும். பேசுகிறவர் கண்ணிலே கோபம். கேட்கிறவர் உதட்டிலே ஏளனம். வீடு யார் பணத்தில் எழும்புகிறது, கடுதாசி கொடுத்தது எப்போது, நீதிமன்றம் என்ன சொல்லிற்று என்று கேட்பார் இல்லை. தீர்ப்பு மட்டும் தயாராக இருக்கிறது: "மானமுள்ளவன் கட்டுவானா?"

மானம் என்ற சொல் நமக்கு அந்நியமன்று. தன்மானத்தை உயிரினும் மேலாக எண்ணும்படி சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆகவேதான், அந்தச் சொல்லை எவரேனும் ஒரு மனிதனை அடிக்கும் கோலாக எடுக்கும்போது, கோல் சரியானதுதானா என்று பார்க்க வேண்டிய கடமையும் நமக்கு இருக்கிறது. நொடித்துப் போய், நீதிமன்றத்தால் கடனிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவன், பிறகு பிறர் மனமுவந்து தரும் பரிசை வாங்கலாமா? வீடு, நிலம், நகை என்று தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாமா? சட்டம் "ஆம்" என்கிறது. ஊர் "சீ" என்கிறது. எதன் பக்கம் அறம் நிற்கிறது?

முதலில் சட்டம் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களுக்கென 1909 இல் ஒரு நொடிப்புச் சட்டம் வந்தது. மற்ற ஊர்களுக்கு 1920 இல் மாகாண நொடிப்புச் சட்டம் வந்தது. இராசபாளையத்தில் நூல் வணிகம் செய்தவரானாலும், சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யத் தறி போட்டவரானாலும், அந்தச் சட்டத்தின் நிழலைத் தேடினால் போக வேண்டிய திசை திருவில்லிபுத்தூர். விருதுநகர் மாவட்டத்தின் மாவட்ட நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது.

நூல் வணிகர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். பெயர் வேண்டாம், எந்தத் தெருவிலும் இருக்கக்கூடியவர். பஞ்சு விலை ஏறியபோது வாங்கினார். நூல் விலை விழுந்தபோது விற்றார். கடனுக்குச் சரக்கு எடுத்தவர்கள் கைவிரித்தார்கள். வட்டிக்குக் கொடுத்தவர்கள் கழுத்தைப் பிடித்தார்கள். மனுக் கொடுத்தார். நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும், அவருடைய சொத்து முழுவதும் நீதிமன்றத்தின் கைக்கோ ரிசீவர் கைக்கோ போய்விடுகிறது. மிஞ்சுவது என்ன? உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கும் பாய். கைவினைஞன் என்றால் அவன் கருவிகள். உழவன் என்றால் ஏரும் மாடும் விதைநெல்லும். இவற்றை ஜப்தி செய்யலாகாது என்று 1908 ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. மற்றவை விற்கப்பட்டு, கடன் கொடுத்தோருக்குப் பங்கிடப்படும்.

இதற்குப் பின்தான் நம் கேள்வி பிறக்கிறது. நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்ட நாளுக்கும், விடுதலை ஆணை பெறும் நாளுக்கும் இடையே அவருக்கு ஏதேனும் சொத்து வந்தால் — அத்தை எழுதிய உயிலாக இருக்கலாம், மைத்துனன் அன்பாகக் கொடுத்த மனையாக இருக்கலாம் — அதுவும் உடனே ரிசீவரைச் சேரும். சட்டத்தின் 28 ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. விடுதலை ஆணைக்குப் பிறகு வந்தால், ஆணையிலே வேறு நிபந்தனை இல்லாத வரையில், அது அவருடையது. முன்னாள் வந்த பரிசு கடன் கொடுத்தோருக்கு. பின்னாள் வந்த பரிசு பெற்றவருக்கு. நடுவே நிற்பது ஒரு காகிதம்.

"வெறும் காகிதம்தானே!" என்பீர்கள். இல்லை, தோழர்களே! அந்தக் காகிதம் கேட்டவுடன் கிடைப்பதன்று. கடன் கொடுத்தோர் எதிர்த்துப் பேசலாம். ரிசீவர் தம் அறிக்கையைத் தருவார். நீதிமன்றம் விடுதலையை மறுக்கலாம். சில காலம் தள்ளி வைக்கலாம். இனி வரும் வருமானத்திலும் சொத்திலும் பங்கு தர வேண்டும் என்று நிபந்தனை போட்டும் கொடுக்கலாம். மிஞ்சிய சொத்து, ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுகூட இல்லையென்றால், அது தன் குற்றமன்று என்று கடன்பட்டவர் காட்ட வேண்டும். கணக்குப் புத்தகம் வைக்காதவர், இனித் தேறமாட்டோம் என்று தெரிந்த பின்னும் வணிகத்தை நடத்தியவர், சூதாடியவர், ஆடம்பரத்தில் அழித்தவர் ஆகியோர் நிபந்தனையற்ற விடுதலையைப் பெற முடியாது. மோசடியால் ஏற்பட்ட கடனும், அரசுக்குச் சேர வேண்டியதும், மனைவி மக்களுக்கு ஆணையிடப்பட்ட ஜீவனாம்சமும் விடுதலைக்குப் பிறகும் தீராது. பிணை நின்றவருக்கும் அந்த ஆணை விடுதலை தருவதில்லை. இத்தனை வாயிலையும் கடந்து வந்தவனைப் பார்த்துத்தான் ஊர் "சீ" என்கிறது.

ஊரின் கோபத்திலே நியாயமே இல்லையா? இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. பஞ்சாலையில் இராப்பணி பார்த்துச் சேர்த்த கூலியை அந்த நூல் வணிகரிடம் வட்டிக்குக் கொடுத்து வைத்த தொழிலாளி ஒருவர் இருப்பார். பால்கோவாக் கடைக்குப் பால் ஊற்றி, மகள் படிப்புக்கென்று சேர்த்ததை நம்பிக் கொடுத்த கைம்பெண் ஒருத்தி இருப்பாள். பங்கு பிரித்தபோது அவளுக்கு ரூபாய்க்கு இருபத்தைந்து காசு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். முக்கால் பங்கு போயிற்று. மகள் படிப்பு நின்றது. மூன்றாண்டு கழித்து அந்த வணிகருக்கு அவர் மகன் வீடு கட்டித் தருகிறான். தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் அவள் பால் கொண்டு போக வேண்டும். அவளிடம் போய்ச் சட்டப் பிரிவை ஒப்புவிக்க நம்மால் முடியுமா? அவள் கேட்பது ஒன்றே: "என் காசு என்ன ஆயிற்று?" இந்தக் கேள்விக்கு முகம் கொடுக்காத எந்த வாதமும் வக்கீல் வாதம், அறவாதமன்று.

அவளுக்கு நாம் விடை சொல்வோம். அதற்கு முன், ஊரின் கோபம் முழுவதும் அவளுக்காக எழுந்ததுதானா என்று பார்க்க வேண்டும். இல்லை. அதிலே பெரும்பகுதி பழமை ஊட்டியது. கடன் என்பது பணக்கணக்கு அன்று, பாவக்கணக்கு என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தப் பிறவியில் தீராதது அடுத்த பிறவியிலும் தொடருமாம்! அரிச்சந்திரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முனிவனுக்குச் சேர வேண்டிய பொருளுக்காக மனைவியை விற்றான், மகனை விற்றான், தன்னையும் விற்றுச் சுடலை காத்தான். ஆகா, உத்தமன் என்று ஊரூராக நாடகம் நடத்தினார்கள். விற்கப்பட்ட சந்திரமதியை எவரேனும் கேட்டார்களா? சிறுவன் எந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தான்? ஒருவன் பட்ட கடனுக்கு மற்றவர் உடலை விலையாக்கியவனைச் சத்தியத்தின் சிகரம் என்று போற்றும் நாட்டில், கடனிலிருந்து விடுபட்டவன் நிமிர்ந்து நடந்தால் கண் உறுத்தத்தான் செய்யும்.

கதையோடு நின்றதா இது? இல்லை. தந்தையின் கடன் தீராவிட்டால் தந்தைக்கு நரகம். ஆகவே தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்றது தரும சாத்திரம். வெள்ளையர் ஆட்சிக்கால நீதிமன்றங்களும் அதை ஏற்று, குடும்பச் சொத்தில் மகனுக்குள்ள பங்கையும் கடன் கொடுத்தவன் தொட இடம் தந்தன. சுதந்திரம் வந்து 58 ஆண்டுகள் சென்ற பிறகு, 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம்தான், அதன்பின் ஏற்படும் கடன்களுக்கு, புனிதக் கடமை என்ற காரணத்தை மட்டும் காட்டி மகன், பேரன், கொள்ளுப்பேரன் மேல் வழக்காட முடியாது என்று முடிவு கட்டியது. நரகத்தை நம்பியோ நம்பாமலோ, அதன் பெயரால் வசூல் மட்டும் நம் காலம் வரையில் நடந்திருக்கிறது!

அந்த அவமான உணர்ச்சி என்ன செய்யும் என்பதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 2017 அக்டோபரில், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாளாமல் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என்று ஒரு குடும்பமே தீக்கிரையாயிற்று. அதீத வட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதலே இருந்தது. ஏட்டிலே சட்டம் இருந்தது. கடன்பட்டவனும் மனிதனே என்ற எண்ணம் நாட்டிலே இல்லை. கடன்பட்டவன் செத்தால் "ஐயோ பாவம்" என்கிறது ஊர். பிழைத்து எழுந்தால் "மானமில்லாதவன்" என்கிறது. சாவு ஒன்றையே மானத்துக்குச் சான்றாகக் கேட்கும் சமுதாயத்தைப் பகுத்தறிவுள்ள சமுதாயம் என்று எப்படி அழைப்பது?

உலகம் இந்தப் பாடத்தைத் துன்பப்பட்டே கற்றது. பழைய உரோமாபுரியின் பன்னிரண்டு பலகைச் சட்டத்தில், கடன் தீர்க்காதவனை விலங்கிட்டு வைத்துக்கொள்ளக் கடன் கொடுத்தவனுக்கு அதிகாரம் இருந்தது. ஏதென்ஸ் நகரில் ஏறத்தாழ கி.மு. 594 இல் சோலன் என்ற அறிஞன் கடன் சுமையை நீக்கி, மனித உடலை ஈடாக வைத்துக் கடன் கொடுப்பதைத் தடுத்தான். இலண்டன் மார்ஷல்சி சிறையில் 1824 இல் கடனுக்காக அடைக்கப்பட்டவர்களில் ஒருவர், நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்சின் தந்தை. பன்னிரண்டு வயதுச் சிறுவன் படிப்பை விட்டுக் காலணி மெருகுப் பசைத் தொழிற்சாலையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினான். சிறையில் இருப்பவன் சம்பாதிப்பதெப்படி? சம்பாதிக்காதவன் கடனைத் தீர்ப்பதெப்படி? கடன் கொடுத்தவனுக்குக் காசும் வரவில்லை. கடன்பட்டவன் குடும்பமும் அழிந்தது. இந்த மடமையை உணர்ந்துதான், "உள்ளதை எல்லாம் கொடு, உண்மையைச் சொல், பிறகு போய் உழைத்துப் பிழை" என்ற முறைக்கு நாகரிக நாடுகள் வந்தன. விடுதலை ஆணை கருணைப் பிச்சை அன்று. பல நூறு ஆண்டு அனுபவம் எழுதிய ஒப்பந்தம்.

ஒப்பந்தம் என்றால் இரு பக்கமும் கட்டுப்பட வேண்டும். விடுபட்டவன் சொத்து வைத்துக்கொள்ளலாகாது என்றால், அவனிடம் "உழை" என்று சொன்னதற்குப் பொருள் என்ன? பரிசு வாங்கலாகாது என்றால், மகன் தந்தைக்கு வேட்டி எடுத்துத் தருவதும் குற்றமா? வேட்டி ஆகலாம், வீடு ஆகாது என்றால், எத்தனை ரூபாயில் மானம் முடிகிறது? விடுதலை பெறாத நொடித்தவர் சட்டமன்ற உறுப்பினராக முடியாது என்று அரசியல் சட்டத்தின் 191 ஆம் பிரிவு சொல்கிறது. விடுதலை பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. சட்டமன்றத்தில் அமரலாம்; மகன் கட்டிய வீட்டுத் திண்ணையில் அமரலாகாதா?

நாம் பள்ளிப்பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் கற்றுக்கொடுக்கிறோம். பத்தாம் இடத்திலிருந்து ஒன்று வாங்கினால், அந்த இடத்தில் ஒன்றைக் குறைத்துவிட வேண்டும். குறைத்துக் கழித்தால் கணக்கு முடிந்தது. முடிந்த கணக்கில் ஆயுள் முழுவதும் கழித்துக்கொண்டே இரு என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை.

"அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் அப்படியா செய்தார்?" என்று படித்த நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். அவருடைய பதிப்பகம் 1894 இல் நொடித்தது. முழுக்கடனையும் தீர்ப்பேன் என்று உறுதி பூண்டு, 1895 இல் உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டார். 1896 இல் இந்தியாவுக்கும் வந்தார். 1898 க்குள் கடனைத் தீர்த்தார். வணங்கத்தக்க செயல்! ஆனால் அவரிடம் உலகம் காசு கொடுத்துக் கேட்கும் நாவு இருந்தது. ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் கோடீசுவரர் ஹென்றி ரோஜர்ஸ் அவருடைய கணக்கு வழக்கைக் கையில் எடுத்து, கடன் கொடுத்தோரைச் சமாளித்துத் தந்தார். சத்திரப்பட்டித் தறிக்காரருக்கு எந்த ரோஜர்ஸ் இருக்கிறார்? வீரன் ஒருவன் மலையைத் தாண்டினான் என்பதற்காக, தாண்டாதவரையெல்லாம் கோழை என்பது நியாயமாகாது. மேலும் பாருங்கள்: கோடீசுவரர் தோள் கொடுத்தால் அது நட்பு, ஏழைக்கு மகன் கை கொடுத்தால் அது மானக்கேடோ?

இந்த இரட்டை அளவு இதோடு நிற்பதில்லை. 1855 இல் இங்கிலாந்து, கம்பெனிப் பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட முதலளவே என்று சட்டம் செய்தது. 1896 இல் சாலமன் என்ற காலணி வணிகரின் வழக்கில், கம்பெனி வேறு, அதை நடத்தியவர் வேறு. கம்பெனியின் கடனுக்கு அவர் பொறுப்பல்லர் என்று அங்கே பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அந்த வழியில்தான் நம் நாட்டுக் கம்பெனிகளும் நடக்கின்றன. பெரிய கம்பெனி சாய்ந்தால், அதன் அதிபர் மகளுக்குத் திருமணப் பரிசு வாங்கலாமா என்று கடைத்தெரு கேட்பதில்லை. 2016 இல் வந்த புதிய நொடிப்புச் சட்டத்தின் தனிமனிதர் பகுதியையும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, கம்பெனிக் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டுமே திறந்தார்கள். தறிக்காரரையும் பெட்டிக்கடைக்காரரையும் 1920 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விட்டுவைத்தார்கள்.

இன்னொரு அளவுகோலும் உண்டு. கடன் கழுத்தை நெரிக்கும்போதே ஒருவன் கோயிலுக்கு வெள்ளிக் கவசம் செய்து வைத்தால், "பக்திமான்" என்கிறார்கள். அது யாருடைய வெள்ளி? பால் ஊற்றிய கைம்பெண்ணின் வெள்ளியல்லவா? கொடுக்கக் கூடாத காலத்தில் கொடுத்த தானத்துக்குப் புகழ்மாலை. வாங்கத் தக்க காலத்தில் வாங்கிய பரிசுக்கு வசைமாரி!

இங்கேதான் நாம் தேடிய கோடு தென்படுகிறது. ஒருவன் பின்னால் எதைப் பெற்றான் என்பதில் அறம் இல்லை. முன்னால் எதை மறைத்தான் என்பதில் இருக்கிறது. சட்டமும் அந்தக் கோட்டை அறியும். நொடித்தவர் என்று அறிவிக்கக் கோரும் மனுவுக்கு முந்தைய இரண்டாண்டுகளுக்குள் உரிய விலை பெறாமல் பிறருக்கு மாற்றிக் கொடுத்த சொத்தை ரத்துச் செய்ய 53 ஆம் பிரிவு வழி தருகிறது. திருமணத்தை முன்னிட்டு அதற்கு முன்பே எழுதியதற்கும், நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கியவருக்கும் விலக்கு உண்டு. சாமிக்குத் தனி விலக்கு எழுதப்படவில்லை.

1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியபோது, ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு அதற்குள் அகப்பட்டது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். அவருடைய குற்றம் நொடித்தது அன்று. நம்பிக் கொடுத்தவர்களை ஏய்த்தது. இந்த வேறுபாட்டை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே நீதிமன்றம் கண்டது. நம் கடைத்தெரு இன்னும் காணவில்லை. நொடித்தவனையும் மோசடிக்காரனையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது. அதனால் யாருக்கு இலாபம்? மோசடிக்காரனுக்குத்தான்! எல்லாரும் திருடர் என்று ஊர் சொன்னால், உண்மைத் திருடன் கூட்டத்தில் ஒருவனாகி மறைந்துவிடுகிறான்.

ஆகவே மாடி வீட்டைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது பரிசா, திரும்பி வந்த பொருளா? மனுக் கொடுப்பதற்கு முன் மைத்துனன் பெயரில் மனையை எழுதி வைத்து, விடுதலைக்குப் பின் அதே மனையை அன்பளிப்பாகத் திரும்ப வாங்கினால், அது பரிசன்று. ஒளித்து வைத்த திருட்டு வீடு திரும்பியதுதான். பத்திரத்தில் எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும் அது கைம்பெண்ணின் காசு. அதைக் கண்டால் வாய் மூடியிருப்பதே மானக்கேடு. ஆனால் மகன் தன் உழைப்பில் கொடுத்தது, நண்பன் தன் சேமிப்பில் கொடுத்தது, விடுபட்டவன் தானே மறுபடி உழைத்து ஈட்டியது, இவை எவருடைய பணமும் அல்ல, அவனுடையவை. கூசாமல் வாங்கட்டும், நிமிர்ந்து வாழட்டும்.

இப்போது பால் ஊற்றும் அந்தத் தாய்க்கு விடை சொல்வோம். அம்மா, உங்கள் காசு போனது உண்மை. அந்த மனிதர் எதையும் ஒளிக்கவில்லையென்றால், அது அவரிடமும் இல்லை. பஞ்சு விலையிலும் வட்டியிலும் கரைந்துவிட்டது. அவரை ஓட்டாண்டியாகவே வைத்திருந்தால் உங்களுக்கு ஒரு காசும் மிஞ்சாது. அவர் எழுந்தால் ஒருவேளை மிஞ்சலாம். சட்டம் அவரை இனிக் கட்டாயப்படுத்தாது, நாமும் கட்டாயப்படுத்தலாகாது. ஆனால் கட்டாயம் நீங்கிய இடத்தில்தான் விருப்பம் பிறக்க முடியும். வழிகண்டு எழுந்த பின், தன்னால் நலிந்தவர்களில் மிக எளியவர் யார் என்று எண்ணிப் பார்த்து, அந்தப் பெண்ணின் படிப்புக்கு அவர் ஏதேனும் கொடுப்பாரானால், அதற்குக் கடன் அடைத்தல் என்று பெயரில்லை. அது அவர் கொடுக்கும் பரிசு. அதைக் கொடுக்க வேண்டுமானால் அவரிடம் முதலில் ஏதேனும் இருக்க வேண்டும். சொத்து வைத்துக்கொள்ள உரிமையில்லாதவன் ஈவதற்கும் உரிமையில்லாதவனாகிறான்.

தோழர்களே, உங்கள் ஊரிலும் இந்தப் பேச்சு எழும். எழும்போது ஏளனத்தில் சேராதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: மனுவுக்கு முந்தைய இரண்டாண்டில் எந்தச் சொத்து யார் பெயருக்குப் போயிற்று? ரிசீவரிடம் கொடுத்த கணக்கு முழுமையானதா? இப்போது வந்திருப்பது யார் உழைப்பு? விடையில் பழுது இருந்தால், கடன் கொடுத்த எளியவர்களை அழைத்துக்கொண்டு திருவில்லிபுத்தூர் நீதிமன்றப் படியேறுங்கள். பழுது இல்லையானால், புதுவீட்டுக்குப் போய் அந்த மனிதரை வாழ்த்திவிட்டு வாருங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். பரிசு கொண்டு போங்கள். அவர் அதை வாங்கலாம்.